ஆற்றுத் திருவிழாவுக்குக் கேரவனில் போகலாமா? வாசகர் கேள்வி பதில்

தை மாதத்தை ஒட்டி வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே பொருளைப் பற்றியவை: ஓய்வுபெற்ற தம்பதியர், வீடாக மாற்றிய வேன், வழியில் ஒரு திருவிழா. ஆகவே மற்றக் கேள்விகளை அடுத்த இதழுக்கு ஒதுக்கிவிட்டு இம்முறை இவற்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: அஞ்சல் துறையிலிருந்து ஓய்வுபெற்று மூன்றாண்டுகள் ஆகின்றன. எனக்கு வயது 63. ஆசிரியையாக இருந்து ஓய்வுபெற்ற என் மனைவிக்கு 61. பழைய வேன் ஒன்றை வாங்கி, கட்டில், சமையல் மேடை, சிறு கழிப்பறை எல்லாம் வைத்துக் கேரவனாக மாற்றியிருக்கிறோம். அதில் இன்னும் ஓர் இரவுகூடத் தங்கிப் பார்க்கவில்லை. பொங்கல் முடிந்ததும் சிதம்பரம், நாகப்பட்டினம், இராமேசுவரம் வழியாகக் கன்னியாகுமரி வரை 25 நாள் போய்வர எண்ணம். ஆனால் முதல் நாளே பாகூரை அடுத்த சோரியாங்குப்பத்தில் ஆற்றுத் திருவிழாவுக்காக இரண்டு இரவு தங்கிவிட்டுத்தான் போகவேண்டும் என்கிறார் என் மனைவி. அவர் பிறந்த ஊர் அந்தப் பக்கம். மைத்துனர் குடும்பம் இன்னும் அங்கேதான் இருக்கிறது. வீட்டிலிருந்து 30 கிலோமீட்டர்கூட இல்லாத இடத்தில் இரண்டு இரவைக் கழிக்கவா இத்தனை செலவு செய்து வண்டியை மாற்றினோம் என்று கேட்டால் பதில் இல்லை. தாங்களாவது எடுத்துச் சொல்லுங்கள்.
ஒரு வாசகர், லாசுப்பேட்டை, புதுச்சேரி

பதில்: எடுத்துச் சொல்ல வேண்டியது தங்களுக்குத்தான், ஐயா. தங்கள் துணைவியார் சொல்வதே சரி. அது அவர் பிறந்த ஊராக இல்லாவிட்டாலும் இதையேதான் சொல்லியிருப்பேன்.

புதிதாகச் செய்த தேரை எந்த ஊரிலும் நேராகத் திருவிழாவன்று வடம் பிடித்து இழுத்துவிடுவதில்லை. சில நாள் முன்னதாக வெள்ளோட்டம் விட்டு, எந்தச் சக்கரம் முனகுகிறது, எந்தத் திருப்பத்தில் முட்டுக்கட்டை போடவேண்டும் என்பதையெல்லாம் பார்த்துக்கொண்ட பிறகுதான் சுவாமியை ஏற்றுகிறார்கள். தங்கள் வண்டி இன்னும் ஓர் இரவைக்கூட வெளியில் கழிக்கவில்லை என்று தாங்களே எழுதியிருக்கிறீர்கள். தண்ணீர்த் தொட்டியின் இணைப்பு கசிவது, மின்கலம் நடு இரவில் சோர்ந்துபோவது, கட்டிலின் நீளம் நாலு விரற்கடை குறைவு என்று தெரியவருவது ஆகிய யாவும் முதல் இரண்டு இரவுகளில்தான் வெளிப்படும். அவை இராமநாதபுரத்து வெட்டவெளியில் வெளிப்படுவதைவிட, மைத்துனர் ஒரு டார்ச் விளக்கோடு வந்து நிற்கக்கூடிய தூரத்தில் வெளிப்படுவது எவ்வளவோ மேல்.

எங்கள் கேரவனில் நாங்கள் தங்கிய முதல் இரவை இன்றும் மறக்க முடியவில்லை. விளக்கை அணைத்துப் படுத்த சிறிது நேரத்தில், தலைமாட்டுக்குக் கீழே ‘டர்ர்’ என்று ஒரு சத்தம் கேட்டு நின்றது. பத்து நிமிடம் கழித்து மறுபடியும் ‘டர்ர்’. எலி புகுந்துவிட்டதென்று என் மனைவி எழுந்து உட்கார்ந்துகொண்டார். அரிசி டப்பா, துணி மூட்டை எல்லாவற்றையும் இறக்கிப் பார்த்தபின், விடியற்காலை இரண்டு மணிக்குத்தான் விளங்கியது. கைகழுவும் தொட்டியின் குழாய் சரியாக மூடாமல் சொட்டுப்போட்டுக்கொண்டிருந்தது. கேரவன்களில் வைக்கும் 12 வோல்ட் பம்பு, குழாயில் அழுத்தம் குறைந்தால் தானாகவே ஓடி அழுத்தத்தை நிரப்பிவிட்டு நிற்கும். சொட்டச் சொட்ட அழுத்தம் இறங்கும். இறங்க இறங்கப் பம்பு ஓடும். எட்டணா வாஷர் ஒன்று இரண்டு பேருடைய தூக்கத்தைக் கெடுத்துவிட்டது. படுக்கப்போகுமுன் பம்பின் சுவிட்சை அணைத்துவிட வேண்டும் என்பதை அன்றுதான் கற்றுக்கொண்டோம்.

இனித் திருவிழாவுக்கு வருவோம். தை மாதம் ஐந்தாம் நாள், அதாவது ஜனவரி 18 அல்லது 19ஆம் தேதி, தென்பெண்ணைக் கரையோர ஊர்களில் நடக்கும் இவ்விழா, கடலூர், விழுப்புரம், புதுச்சேரி வட்டாரங்களுக்கு வெளியே இருப்பவர்களுக்கு அவ்வளவாகத் தெரியாது. சுற்றுவட்டாரக் கோயில்களின் உற்சவ மூர்த்திகள் அலங்கரித்த வண்டிகளில் ஆற்றுக்கு வந்து வரிசையாக நிற்க, தீர்த்தவாரி நடக்கும். கடலூரில் பெண்ணையாற்றங்கரை, பண்ருட்டிப் பக்கம் கண்டரக்கோட்டை, புதுவைப் பக்கம் சோரியாங்குப்பம் என்று ஒவ்வோர் இடத்திலும் ஆற்று மணலே அன்று ஒருநாள் கடைத்தெருவாகிவிடுகிறது. வளையல், பொம்மை, அரிவாள்மணை, மண்சட்டி, ராட்டினம், பஞ்சுமிட்டாய் எல்லாம் உண்டு. இவ்விழாவுக்கென்றே குவியல் குவியலாக வந்து இறங்கும் சுருளிக் கிழங்கும் உண்டு. காலையில் சாமி பார்க்கும் கூட்டம், மாலையில் கடை பார்க்கும் கூட்டம் என இருவேறு கூட்டங்கள் வரும். இரண்டையும் பார்க்க ஆசைப்படுபவர், அன்று போய் அன்றே திரும்பும் பேருந்துப் பயணியாக இருந்து பயனில்லை. அறுபதைக் கடந்தவர்களுக்கு நடுப்பகலில் இரண்டு மணி நேரம் காலை நீட்டிப் படுக்க ஓர் இடம் வேண்டும். கேரவனின் முழுப்பயனும் அங்கேதான் தெரியவரும்.

ஆனால் வண்டியை ஆற்றுக்குள் இறக்காதீர்கள். இதை அனுபவப்பட்டவன் என்ற முறையில் சொல்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன் கடலூர்ப் பக்கத்துக் கரையில், நாலைந்து மினி லாரிகள் மணலில் நிற்பதைப் பார்த்துவிட்டு நானும் இறக்கினேன். மேல்மணல் காய்ந்து கெட்டியாகத் தெரிந்தது. ஒரு சாண் ஆழத்தில் ஈரம். தண்ணீர், கட்டில், அலமாரி எல்லாம் சேர்த்து மூன்றரை டன் எடையுள்ள வண்டி, நின்ற இடத்திலேயே மெல்ல இறங்கத் தொடங்கியது. பதற்றத்தில் ஆக்ஸிலரேட்டரை மிதித்தேன். பின்சக்கரங்கள் அச்சு வரை புதைந்தன. கரும்பு விற்றுக்கொண்டிருந்த இளைஞர்கள் ஓடிவந்து, கழித்துப்போட்ட தோகையை அள்ளிச் சக்கரங்களுக்கு அடியில் திணித்து, டயர்க் காற்றைப் பாதியாக இறக்கச் சொன்னார்கள். காற்றைக் குறைத்தால் டயர் பரந்து மணலைப் பிடிக்கும் என்ற பாடத்தை இருபது வயதுப் பையன் ஒருவனிடம் கற்றேன். கடைசியில் டிராக்டர் வந்துதான் இழுத்தது. டிராக்டர்காரர் 500 ரூபாயைப் பெற்றுக்கொண்டு, அதற்கு மேல் ஒரு வசவையும் கொடுத்துவிட்டுப் போனார். இரண்டுமே நியாயமான கணக்குத்தான். 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயலை ஒட்டிப் பெண்ணையில் வந்த பெருவெள்ளத்தைப் பார்த்தவர்களுக்கு, ஆறு தன் மணலை எப்படியெல்லாம் மாற்றிப் போடும் என்று சொல்லத் தேவையில்லை. போன ஆண்டு நின்ற இடம் இந்த ஆண்டும் தாங்கும் என்று நம்பக் கூடாது. பழைய மணற்பள்ளங்களில் தேங்கிய நீர் ஆழம் தெரியாமல் ஏமாற்றும். குளிக்க இறங்கும்போதும் இது நினைவிருக்கட்டும்.

திருவிழாவுக்கு முந்தைய நாள் பிற்பகலிலேயே போய்ச் சேர்ந்துவிடுங்கள். ஆற்றிலிருந்து ஒரு கிலோமீட்டர் தள்ளி, வெளியே போகும் பாதையை நோக்கி முன்பக்கம் இருக்குமாறு, கெட்டியான தரையில் நிறுத்துங்கள். விழா நாளில் மாலை வரை அந்தப் பாதையில் வண்டியை அசைக்க முடியாது என்று வைத்துக்கொள்வதே நல்லது. இன்னொன்று: நம் ஊரில் கேரவன் என்றால் சினிமாப் படப்பிடிப்புதான். கறுப்புக் கண்ணாடியும் பக்கவாட்டில் சுருட்டும் கூரையுமாக ஒரு வண்டி நின்றால், “உள்ள எந்த ஹீரோ?” என்று கேட்டுக்கொண்டு பிள்ளைகள் கதவைத் தட்டுவார்கள். முதல் தடவையே கதவைத் திறந்து, உள்ளே இருப்பது வழுக்கைத் தலையரான ஓர் அஞ்சலகக்காரர்தான் என்று காட்டிவிட்டால் ஏமாற்றத்தோடு கலைந்துவிடுவார்கள். கதவைச் சாத்திவைத்தால் கூட்டம் பெருகும்.

தாங்கள் எழுதாமல் விட்ட ஒன்றுதான் எனக்கு உண்மையான சிக்கலாகப் படுகிறது. பொங்கல் முடிந்த வாரத்தில், பிறந்த ஊருக்கு வந்த தங்கை, அண்ணன் வீடு இருக்கும்போது ஊரோரத்தில் வண்டியில் படுத்தாள் என்றால் அந்த வீட்டார் மனம் என்ன பாடுபடும்? ஊர் வாயை மூட முடியுமா? அவர் அண்ணனாக இருந்தாலும் தம்பியாக இருந்தாலும் சங்கடம் அதுவே. ‘நம் வீட்டில் கழிப்பறை சரியில்லை என்று நினைக்கிறார்களோ’ என்று அண்ணி ஒருபக்கம் குமைவார். ஆகவே போவதற்கு ஒரு வாரம் முன்பே தங்கள் துணைவியார் தாமே பேசி, “வண்டிக்கு வெள்ளோட்டம் பார்க்கிறோம், உங்கள் வாசலில் பார்த்தால்தான் எங்களுக்குத் தைரியம்” என்று சொல்லிவிட வேண்டும். வண்டியை அவர்கள் களத்திலோ தோப்பிலோ நிறுத்துங்கள். இரவில் படுப்பது மட்டும் வண்டியில். மூன்று வேளைச் சாப்பாடும் அவர்கள் வீட்டில். வண்டியில் காப்பி போட்டால் முதல் தம்ளர் மைத்துனருக்கு. புறப்படும் நாளில் அண்ணி கட்டிக்கொடுக்கும் புளிச்சோற்றை மறுக்காமல் வாங்கிக்கொள்ளுங்கள்; அது சிதம்பரம் தாண்டியும் தாங்கும்.

25 நாள் திட்டத்தில் இரண்டு நாள் குறைகிறதே என்கிறீர்கள். பட்டியலில் ஏதேனும் ஓர் ஊரை எடுத்துவிடுங்கள். எந்த ஊர் என்பதைத் துணைவியாரிடமே விட்டுவிடுவது விவேகம்.

கேள்வி: என் வீட்டுக்காரர் ஓட்டுவதையும் மின்கலத்தையும் பற்றியே பேசுகிறார். கழிப்பறையையும் அடுப்பையும் பற்றிக் கேட்டால் “பார்த்துக்கலாம்” என்கிறார். திருவிழாக் கூட்டத்துக்கு நடுவில் இரண்டு நாள் எப்படிப் பார்த்துக்கொள்வது?
ஒரு வாசகி, மஞ்சக்குப்பம், கடலூர்

பதில்: “பார்த்துக்கலாம்” என்று சொல்பவர் பார்ப்பதில்லை என்பது தங்களுக்குத் தெரிந்ததுதானே, அம்மா.

வண்டியில் இருப்பது வெளியே எடுத்துக் கொட்டும் பெட்டி வகைக் கழிப்பறையானால், அதன் கொள்ளளவு பெரும்பாலும் 20 லிட்டரை ஒட்டியிருக்கும். இரண்டு பேர் பயன்படுத்தினால் இரண்டு, மிஞ்சினால் மூன்று நாள் வரும். அதை எங்கே கொட்டுவது என்பதைப் புறப்படுமுன்பே முடிவுசெய்துகொள்ள வேண்டும். உறவினர் வீட்டுக் கழிப்பறை, அல்லது கேட்டு அனுமதி பெற்றபின் ஏதேனும் பொதுக் கழிப்பறை, இவை தவிர வேறிடம் இல்லை. ஆற்றிலோ வாய்க்காலிலோ கரும்புக்கொல்லை வரப்பிலோ கொட்டுவதைப் பற்றி நினைக்கவே கூடாது. மறுநாள் சாமி நீராடப்போகும் தண்ணீர் அது. பகலில் கூடியவரை வெளிக் கழிப்பறைகளைப் பயன்படுத்திக்கொண்டு, வண்டியில் உள்ளதை இரவுக்கென்று வைத்துக்கொண்டால் பெட்டி நிரம்பாது. பாத்திரம் கழுவிய நீரையும் வண்டிக்கு அடியில் அப்படியே ஒழுகவிடாமல் வாளியில் பிடித்து ஒரு தென்னைக்கு ஊற்றுங்கள்.

அடுப்பைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். சமையல் எரிவாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் மேலே போகாது, தரையில் தண்ணீரைப்போலப் பரவித் தங்கிவிடும். எங்கள் வண்டியை மாற்றியமைத்துக் கொடுத்த பட்டறையில் காற்றுப்போக்கி வைத்திருக்கிறோம் என்று கூரையைக் காட்டினார்கள். புகைக்கு அது சரி, எரிவாயுவுக்கு அது போதாது. சிலிண்டர் வைக்கும் பெட்டியின் அடித்தளத்தில் வெளியே திறக்கும் துளை இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் போடவைத்த பிறகுதான் சமையல். வீட்டு 14.2 கிலோ சிலிண்டரை வண்டியில் ஏற்றாதீர்கள். பெட்ரோல் பங்க்குகளிலும் எரிவாயு முகமைகளிலும் கிடைக்கும் 5 கிலோ சிறு சிலிண்டர் இரண்டு பேருக்குத் தாராளம். வண்டி ஓடும்போது ரெகுலேட்டர் மூடியே இருக்க வேண்டும். கூட்டத்துக்குள் நிறுத்தியிருக்கும் வேளையில் அடுப்பே பற்றவைக்க வேண்டாம். பத்தடி தள்ளி ஒருவர் வாணம் விடுவார், பக்கத்தில் ஒருவர் சூடம் ஏற்றுவார். அன்று ஒருநாள் கடைத்தெரு இட்லிக்கு வாழ்வு கொடுங்கள்.

கேள்வி: எனக்கு வயது 66. ஓட்டுநர் உரிமம் இவ்வாண்டு முடிகிறது. வேனைக் கேரவனாக மாற்றியதற்குத் தனியாக ஏதேனும் பதிய வேண்டுமா?
ஒரு வாசகர், நெல்லிக்குப்பம்

பதில்: இரண்டையும் புறப்படுமுன் முடித்துவிடுங்கள். 55 வயதைக் கடந்தவர்களுக்கு உரிமம் ஐந்தைந்து ஆண்டுகளுக்குத்தான் புதுப்பிக்கப்படுகிறது. மருத்துவச் சான்றும் வேண்டும். காலாவதியாவதற்கு ஓராண்டு முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். காலாவதியாகி ஓராண்டு கடந்துவிட்டால் மறுபடியும் ஓட்டிக்காட்ட வேண்டியிருக்கும். இலகுரக வாகன உரிமம் 7,500 கிலோ மொத்த எடை வரையுள்ள வண்டிக்குப் போதுமானது என்பதால் எடையைப் பற்றித் தாங்கள் கவலைப்பட வேண்டியதில்லை.

மாற்றத்தைப் பொறுத்தவரை, 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவின்படி, பதிவுச் சான்றில் உள்ள விவரங்களுக்கு முரணாக வண்டியை மாற்றியிருந்தால், வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தின் அனுமதியும் சான்றில் அதற்கான பதிவும் தேவை. இருக்கைகளைக் கழற்றிக் கட்டில் போட்டதே மாற்றம்தான். காப்பீட்டு நிறுவனத்துக்கும் எழுத்தில் தெரிவியுங்கள். விபத்துக்குப் பிறகு தெரிவித்தால் அவர்கள் முகம் வேறு மாதிரி இருக்கும்.

கேட்காததையும் ஒன்று சொல்லிவிடுகிறேன். புதுச்சேரி எல்லையைத் தாண்டிக் கடலூருக்குள் வரும்போது ஆல்பேட்டைச் சோதனைச்சாவடியில் நிறுத்துவார்கள். எதற்கென்று இவ்வட்டாரத்தாருக்குச் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்கள் டிக்கியைத் திறந்து காட்டிவிட்டுப் போய்விடலாம். கேரவன்காரர் ஒவ்வோர் அலமாரியையும், கட்டிலுக்கு அடியில் உள்ள பெட்டியையும், சில வேளை கழிப்பறையையும் திறந்து காட்ட வேண்டியிருக்கும். எங்கள் வண்டியில் 14 கதவுகள் உள்ளன என்பதே எனக்கு அங்குதான் தெரிந்தது.

கேள்வி: நான் இன்சுலின் போட்டுக்கொள்பவள். வண்டியில் குளிர்சாதனம் வைத்திருக்கிறோம். ஆகவே மருந்துக்கு ஒன்றும் ஆகாது என்கிறார் என் கணவர். இரவு முழுவதும் ஏ.சி. ஓடுமா?
ஒரு வாசகி, முத்தியால்பேட்டை, புதுச்சேரி

பதில்: ஓடாது, அம்மா. கணக்கைப் பாருங்கள். 200 ஆம்பியர் மணி கொண்ட 12 வோல்ட் மின்கலத்தில் இருப்பது 2,400 வாட் மணி. பழைய ஈய-அமில வகையானால் அதில் பாதியைத்தான் பழுதில்லாமல் எடுக்க முடியும். ஒரு டன் ஏ.சி.யோ ஓடும்போது ஏறக்குறைய 1,000 வாட் இழுக்கும். ஒரு மணி நேரத்தில் கதை முடிந்துவிடும். மாறாக, புதுவகை மின்விசிறி ஒன்று 30 வாட்டில் சுற்றுகிறது. எட்டு மணி நேரத்துக்கு 240 வாட் மணிதான். தை மாதப் பனியில் ஆற்றங்கரையில் ஏ.சி. எதற்கு? கொசுவலை கட்டிய சன்னலும் ஒரு விசிறியும் போதும்; விடியற்காலையில் போர்வைகூடத் தேவைப்படும்.

மருந்துக்கு ஏ.சி.யை நம்பவே கூடாது. பிரிக்காத இன்சுலின் 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும். பயன்பாட்டில் உள்ள பேனாவைப் பெரும்பாலான வகைகளில் 30 டிகிரிக்கு மிகாத இடத்தில் நான்கு வாரம் வரை வெளியே வைத்திருக்கலாம். தங்கள் மருந்தோடு வரும் சீட்டில் போட்டிருப்பதே இறுதியானது. நீங்கள் இருவரும் ஆற்றுக்குப் போய்விட்டு வருவதற்குள், வெயிலில் பூட்டிவைத்த வண்டியின் உட்புறம் 50 டிகிரியைத் தொட்டுவிடும். 12 வோல்ட்டில் ஓடும் சிறு குளிர்பெட்டி ஒன்றை வாங்கி மருந்துக்கென்றே வையுங்கள். பனிக்கட்டியோடு ஒட்டாமல் வையுங்கள், உறைந்துபோன இன்சுலினைத் திரும்பப் பயன்படுத்தக் கூடாது. பயன்பாட்டில் உள்ள பேனாவைக் கைப்பையில், ஈரத்துணி சுற்றிய சிறு டப்பாவில் எடுத்துச் செல்லலாம். ராட்டினத்துக்குப் பக்கத்தில் தலைசுற்றினால் அது ராட்டினத்தால் என்று நினைத்துவிடாமல், இடுப்பில் நாலு சர்க்கரை மிட்டாயையும் முடிந்துகொள்ளுங்கள்.

கேள்வி: சென்ற ஆண்டு அமெரிக்காவில் மகள் வீட்டுக்குப் போயிருந்தபோது, ஆர்.வி. என்று அங்கே சொல்லும் கேரவன் வண்டி ஒன்றை வாடகைக்கு எடுத்துக்கொண்டு நானும் என் மனைவியும் ஒரு கவுண்டித் திருவிழாவுக்கு, அதாவது மாவட்ட அளவிலான வேளாண் கண்காட்சிக்கு, போய் இரண்டு இரவு தங்கினோம். திருவிழா மைதானத்திலேயே ஒவ்வொரு வண்டிக்கும் 30 ஆம்பியர் மின் இணைப்பு, குடிநீர்க் குழாய், கழிவைக் கொட்டத் தனி இடம். பசுவுக்கும் பூசணிக்கும் பரிசு கொடுக்கிறார்கள். நம் ஆற்றுத் திருவிழாவில் ஏன் இப்படிச் செய்யக் கூடாது?
ஒரு வாசகர், திருப்பாதிரிப்புலியூர், கடலூர்

பதில்: அந்தத் திருவிழாவின் பிறப்பே வேறு, ஐயா. 1807இல் மாசசூசெட்சு மாநிலத்துப் பிட்ஸ்ஃபீல்டு ஊரில் எல்கானா வாட்சன் என்பவர் மெரினோ என்ற கம்பளி ஆட்டினத்தைச் சேர்ந்த இரண்டு ஆடுகளைப் பொது இடத்தில் கட்டிவைத்துக் காட்டினார். பார்க்க வந்த உழவர் கூட்டத்தைக் கண்டு, சில ஆண்டுகளில் கால்நடைக்கும் விளைச்சலுக்கும் பரிசு தரும் கண்காட்சியை அங்கே தொடங்கினார். அந்த மரபில் வளர்ந்தவைதான் கவுண்டித் திருவிழாக்கள். மாட்டைப் பரிசுக்கு ஓட்டிவரும் குடும்பம் அதைக் கொட்டிலில் தனியே விட்டுப் போக முடியாது. பல நாள் கூடவே தங்கியாக வேண்டும். மைதானம் ஆண்டு முழுவதும் திருவிழாவுக்கென்றே கிடக்கும் நிலம். ஆகவே நிலையான கொட்டில்கள், மின்கம்பங்கள், குழாய்கள் எல்லாம் அங்கே பொருந்துகின்றன. பயணிகள் அந்த ஏற்பாட்டில் ஒட்டிக்கொள்கிறார்கள்.

நம் திருவிழா நடப்பதோ ஆற்றுப் புறம்போக்கில். சாமி காலையில் வந்து மாலையில் திரும்பிவிடும். கடைக்காரர் மறுநாள் விடியுமுன் மூட்டை கட்டிவிடுவார். அடுத்த மழைக்கு ஆறு அந்த இடத்தையே அழித்துவிடும். அங்கே மின்கம்பம் நட்டுக் குழாய் போடச் சொல்வது எனக்கு உடன்பாடில்லை. நட்டால் அடுத்த பத்தாண்டில் அங்கே கட்டடம் முளைக்கும். பிறகு சாமி குளிக்க ஆறு இருக்காது. கரைக்கு வெளியே தென்னந்தோப்போ முந்திரித்தோப்போ வைத்திருப்பவர் இரண்டு நாளைக்கு நாலு வண்டி நிற்க இடம் கொடுத்து வாடகை வாங்கிக்கொண்டால் அதுவே போதும். கேட்டுப் பாருங்கள், தண்ணீரும் கழிப்பறையும் தோட்டத்து மோட்டார்க் கொட்டகைப் பக்கமே இருக்கும்.

மின்சாரத்தைப் பற்றி ஏங்கவும் வேண்டாம். அமெரிக்காவில் தாங்கள் செருகிய 30 ஆம்பியர் இணைப்பு 120 வோல்ட்டில் ஓடுவது. பெருக்கினால் 3,600 வாட். நம் வீடுகளில் கிரைண்டருக்கும் கீசருக்கும் வைத்திருக்கும் 16 ஆம்பியர் பிளக், 230 வோல்ட்டில் 3,680 வாட். தோப்பு வீட்டுச் சுவரில் உள்ள ஒரு பெரிய பிளக் அந்தக் கம்பத்துக்குச் சமம். எர்த் சரியாக இருக்கிறதா என்று ஓர் எலக்ட்ரீஷியனை வைத்துப் பார்த்துக்கொண்டு, 4 சதுர மில்லிமீட்டர் மூன்று கம்பி ஒயரை ஒரே துண்டாக இழுங்கள். திருவிழாச் சீரியல் விளக்கு ஒயரிலிருந்து கொக்கி போட்டுத் தருகிறேன் என்று யாராவது அன்போடு முன்வந்தால், அதே அன்போடு மறுத்துவிடுங்கள்.

கேள்வி: ஜனவரியில் எங்களால் புறப்பட முடியாது. பிறகு போகும்படியாக இவ்வட்டாரத்தில் வேறு விழாக்கள் உண்டா?
ஒரு வாசகர், நெய்வேலி

பதில்: தங்களுக்கு மிக அருகிலேயே வடலூர் இருக்கிறது. வள்ளலார் 1867இல் தொடங்கிய தருமசாலையில் இன்றும் நாள்தோறும் உணவளிக்கிறார்கள். 1872இல் அமைந்த சத்திய ஞானசபையில் தைப்பூசத்தன்று ஏழு திரை நீக்கி ஜோதி காட்டுகிறார்கள். தைப்பூசம் சில ஆண்டுகளில் பிப்ரவரியில் வரும். சமைக்க வேண்டிய தேவையே இராது. வண்டியில் அசைவம் எதுவும் வைத்துக்கொள்ளாதீர்கள். அடுத்தது மாசிமகம்: கடலூரில் தேவனாம்பட்டினம், புதுச்சேரியில் வைத்திக்குப்பம். கடற்கரைக்குள் வண்டியைக் கொண்டுபோகும் எண்ணத்தை விட்டுவிட்டு, நகருக்குள் எங்காவது நிறுத்தி ஆட்டோவில் போங்கள். ஆடியில் வீராம்பட்டினம் செங்கழுநீரம்மன் தேர் மிகப் பெரிது. ஆனால் அந்த வெயிலில் கேரவனில் தங்க நான் சொல்லமாட்டேன்.

கேள்வி: ஆற்றுத் திருவிழாவில் வாங்கும் சுருளிக் கிழங்கை வண்டியிலேயே வேகவைத்துச் சாப்பிட முடியுமா?
ஒரு வாசகி, பண்ருட்டி

பதில்: முடியும், அம்மா. ஆனால் அதில் ஒட்டியிருக்கும் மண்ணைக் கழுவியே தொட்டித் தண்ணீர் தீர்ந்துவிடும். வாங்கிய இடத்துக்குப் பக்கத்தில் அடிபம்பு இருந்தால் அங்கேயே ஒரு பையில் போட்டு நன்றாக அலசிக்கொள்ளுங்கள். ஊரை விட்டு வெளியே வந்து நிறுத்தியபின், உப்புப் போட்டுத் தோல் விடும் வரை வேகவையுங்கள். நீரை வடித்துக் கை பொறுக்கும் சூட்டில் உரித்தால் தோல் கழன்று வரும். எங்கள் வண்டியில் உரிப்பது என் வேலை. உரித்ததில் மூன்றில் ஒன்று தட்டுக்குப் போய்ச் சேர்வதில்லை என்பது என் மனைவியின் நெடுநாள் குற்றச்சாட்டு.